ஊமைக் கட்டை

7

“உங்க அப்பா வீட்ல எப்படிச் சண்டை போடுவார்?” என்றார் பாஸ்.

“எதுக்கு பாஸ்? சம்பந்தம் பேசப் போறீங்களா?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா பட்டதாரி.”

“ஒரே வசனம்தான். ‘இந்த வீட்ல என்னை யார் மதிக்கிறா?’ அதையே இருபது தடவை சொல்வார். அம்மாதான் பாவம், ஒவ்வொரு தடவைக்கும் புதுசா ஒரு பதில் கண்டுபிடிக்கணும்.”

“அப்ப உனக்கு பாஸகாலியான்னா என்னன்னு தெரியும்,” என்று மேடையைக் காட்டினார். “பியானோவோட இடது கைதான் உங்க அப்பா. எட்டு அடி கொண்ட ஒரே வரி, முதல்லேர்ந்து கடைசி வரைக்கும். மேல வயலின் உங்க அம்மா. முந்நூறு நானூறு வருஷப் பழைய வடிவம். இப்ப யாரோ புதுசா எழுதியிருக்காங்க.”

அந்த ‘யாரோ’ யார் என்பதுதான் வழக்கு.

பட்டதாரி என்பது என் பட்டப்பெயர். என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேலைக்குச் சேர்ந்த அன்று பெருமையாக இதைச் சொல்லித் தொலைத்தேன். பாஸ் இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடித்தவர். சொன்னதை மறக்கிற ஜாதி இல்லை.

மணி ஒன்று. நாங்கள் அரங்கத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மேடையில் ஒத்திகை. பியானோவில் பேராசிரியர்: வெள்ளைத் தாடி, இசைக் கல்லூரியின் தலைவர். பக்கத்தில் வயலின்காரன்: முப்பது வயதுகூட இருக்காது, மூன்று நாள் தூங்காத முகம். மாலை ஆறு மணிக்குக் கச்சேரி. வெளியே சுவரொட்டியில் பேராசிரியரின் பெயர் என் தலை அளவுக்கு இருந்தது.

நேற்று எங்கள் துப்பறியும் ஆபீசுக்கு வந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் இஸ்திரி போடும் வேலை. இரண்டு முழங்கையிலும் பழைய சூட்டுத் தழும்புகள். ஒரே மகள். இசைக் கல்லூரியில் பியானோ படித்தவள். பதினோரு மாதம் முன்னால் மூளைக்காய்ச்சலில் நான்கே நாளில் போய்விட்டாள். பதினாறாம் நாள் பேராசிரியர் துக்கம் கேட்க வந்தார். போகும்போது, “அவளோட பேப்பர் எல்லாம் கல்லூரியில பத்திரமா வைக்கிறேம்மா” என்று ஒரு அட்டைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார்.

“நானேதான் தூக்கிட்டுப் போய் அவர் கார்ல வச்சேன்,” என்றார் அந்த அம்மா. “ஒருத்தராவது அதைக் கேட்டு வாங்கிட்டுப் போறாரேன்னு சந்தோஷம் வேற.”

போன வாரம் யாரோ அவர் வீட்டுக் கதவின் கீழே ஒரு நிகழ்ச்சி நோட்டீசைத் தள்ளிவிட்டிருந்தார்கள். அதில் ‘பாஸகாலியா, வயலினுக்கும் பியானோவுக்கும்’ என்ற வரியைச் சுற்றி ஒரு பென்சில் வட்டம். நோட்டீஸ் முழுக்க வெள்ளைத் தூள். பவுடர் என்று நினைத்து நான் தட்டிவிட்டேன். பாஸ் என்னைக் கொலைகாரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“எனக்கு இசை தெரியாது,” என்றார் அந்த அம்மா. “இந்த வார்த்தை தெரியும். பல்லுல மாட்டிக்கிற வார்த்தை. காய்ச்சல் வர்றதுக்கு முந்தின வாரம் பாப்பா சொன்னா, ‘அம்மா, பாஸகாலியா முடிஞ்சிருச்சு’ன்னு. நான் அடுப்புல பால் பொங்குதுன்னு உள்ள ஓடிட்டேன்.”

பணம் வேண்டாம், வழக்கு வேண்டாம் என்றார். “நாளைக்கு அந்த மேடையில அவ பேரைச் சொல்லணும். ஒரு தடவை போதும்.”

வாசலில் விற்ற அச்சுப் பிரதி ஒன்று பாஸ் மடியில் விரிந்திருந்தது. முதல் பக்கத்தில், ‘என் அன்பு மாணவி ஒருத்தியின் நினைவுக்கு’. திருடிய பொருளிலேயே அனுதாபச் சீட்டு ஒட்டித் திருப்பிக் கொடுத்திருந்தார் அந்த ஆள். எனக்குக் காது சுட்டது.

“கோபத்தை அப்புறம் வச்சுக்கோ. எட்டு அடியையும் எண்ணு,” என்றார் பாஸ்.

எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து... காலி. ஏழு, எட்டு. ஆறாவது இடத்தில் ஒன்றும் இல்லை. மறுபடியும் வந்தது. மறுபடியும் ஆறில் பள்ளம். படி இறங்கும்போது ஒரு படி இல்லாமல் போனதுபோல இருந்தது, ஒவ்வொரு தடவையும்.

“இப்ப இங்க பாரு.” அச்சுப் பிரதியில் விரலை வைத்தார். “நோட்டுக்கு மேல சின்னச் சின்ன எண் இருக்கு. எந்த விரலால அமுக்கணும்னு அர்த்தம். அஞ்சுன்னா சுண்டுவிரல், நாலுன்னா மோதிர விரல். ஆறாவது இடத்துல நோட்டு இல்லை, மௌனக் குறி. அதுக்கு மேல என்ன இருக்கு?”

“நாலு.”

“சத்தமே வராத இடத்துக்கு எதுக்கு விரல்?”

நான் பக்கத்தைத் திருப்பினேன். அங்கேயும் ஆறாவது இடத்தில் நாலு.

இடைவேளையில் மேடைக்குப் போனோம். பாஸ் பத்திரிகைக்காரர் ஆனார். நான் போட்டோகிராபர், கேமராவில் பேட்டரி இல்லாதது எனக்கும் கேமராவுக்கும் மட்டும் தெரியும்.

“அற்புதமா இருக்கு சார். எப்ப எழுதினீங்க?”

“ரெண்டு வருஷம் முன்னாடி. என் வீட்டுப் பியானோல,” என்றார் பேராசிரியர்.

“அந்த ஆறாவது இடம் மட்டும் ஏன் சார் காலி?”

தாடியைத் தடவினார். “மரணம். ஒரு இளம் உயிர் விட்டுட்டுப் போன வெற்றிடம்.”

“ரெண்டு வருஷம் முன்னாடி அந்தப் பொண்ணு உயிரோடதானே சார் இருந்தா?” என்றேன் கேமராவுக்குள் இருந்து.

“கலைஞனுக்கு முன்கூட்டியே தெரியும்மா.”

“இருபத்து நாலு தடவை அந்த வரி வருது. இருபத்து நாலிலும் காலியா?” பாஸ் குழந்தை மாதிரிக் கேட்டார்.

“கண்டிப்பா. வடிவம்னா ஒழுங்கு வேணும். கடைசித் தடவை மட்டும் ஒரு நோட்டு தப்பா விழுந்திருந்தது. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி கவனிச்சு எடுத்துட்டேன்.”

பக்கத்தில் வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டிருந்த வயலின்காரன் கை நின்றது. பிசின் கட்டி கீழே விழுந்து உருண்டது. அவன் விரல்களில், கால்சட்டையில், காலணி நுனியில் எல்லாம் வெள்ளைத் தூள்.

பாஸ் என்னைப் பார்த்தார். நான் தட்டிவிட்ட பவுடர்.

“அவனை இப்பவே பிடிப்போம்,” என்றேன் வெளியே வந்ததும்.

“ஓடமாட்டான். ஓடறவனா இருந்தா நோட்டீஸ் போட்டிருக்க மாட்டான். முதல்ல ஒரு பியானோவைப் பார்க்கணும். எனக்குத் தோணறது சரின்னா, அந்தப் பொண்ணு வீட்டுப் பியானோல ஒரு கட்டை ஊமை. அமுக்கினா சத்தம் வராது. அவ எழுதினது முழுக்க அந்தப் பியானோல. விரல் பழக்கத்துல அமுக்கும், காதுக்கு ஒண்ணும் வராது. அதனால விரலையும் எழுதினா, மௌனத்தையும் எழுதினா. இவர் கண்ணால காப்பி அடிச்சார். காதால அடிச்சிருந்தா அந்த நாலை எடுத்திருப்பார்.”

இருபத்து மூன்று வருட வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஆண் பேசி முடித்ததும் எனக்குக் கைதட்டத் தோன்றியது. தட்டவில்லை. தலைக்கு ஏறிவிடும்.

அந்த அம்மாவின் வீடு மூன்றாம் மாடி. ஒரே அறை, அதில் பாதியைப் பியானோ எடுத்துக்கொண்டிருந்தது. மீதியில் கட்டில், அடுப்பு, மடித்து வைத்த துணி. ஒரு மூடிய தேவாலயப் பள்ளியிலிருந்து தூக்கி வந்த பழைய பியானோவாம். மாடி ஏற்ற ஆறு பேர். பியானோ மேல் தூசி இல்லை.

பாஸ் அச்சுப் பிரதியைப் பார்த்து, இடது பக்கம் எண்ணி, ஒரு வெள்ளைக் கட்டையைக் கண்டுபிடித்தார். மோதிர விரலை வைத்து அமுக்கினார்.

டொம்.

தெளிவான, கனமான, நல்ல சத்தம். அறை முழுக்கப் பரவி மெதுவாக அடங்கியது.

பாஸ் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை முதல் முறையாகப் பார்த்தேன். மறுபடி அமுக்கினார். டொம். பக்கத்துக் கட்டை, அதற்குப் பக்கத்துக் கட்டை. எல்லாம் ஒழுங்காகப் பேசின.

“போச்சு பாஸ்,” என்றேன். “இது நம்மளைவிட நல்லாப் பேசுது.”

மணி மூன்றரை.

“அதுவா?” என்றார் அந்த அம்மா பின்னாலிருந்து. “அது முன்னாடி பேசாது சார். நான்தான் சரி பண்ணேன்.”

பாஸ் திரும்பவில்லை. “எப்பம்மா?”

“பாப்பா நாலு வருஷமாக் கேட்டுட்டே இருந்தா. சரி பண்ற ஆள் பகல்லதான் வருவார். வீட்ல யாராவது இருக்கணும். அவளுக்குக் காலேஜ், எனக்கு வேலை. ‘லீவு கேளும்மா, ஒரே ஒரு நாள்’ம்பா. நானும் அடுத்த மாசம் கேக்கறேன், அடுத்த மாசம் கேக்கறேன்னு...” சேலை முந்தானையை எடுத்து, பியானோவின் விளிம்பைத் துடைத்தார். அங்கே துடைக்க ஒன்றும் இல்லை. “அவ செத்ததுக்கு ஏழு நாள் லீவு கொடுத்தாங்க. ஏழாம் நாள் சும்மா உக்காந்திருந்தேன். எந்திரிச்சுப் போய் அவரைக் கூட்டிட்டு வந்துட்டேன்.”

கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக்கொண்டே இருந்தார்கள், கிளம்பவில்லை.

“தினமும் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை அமுக்குவேன்,” என்றார். “வேற எதையும் தொடமாட்டேன். அவளோடது. இது மட்டும் நான் பண்ணது.”

எனக்குப் பேராசிரியர் மேல் இருந்த கோபம் அந்த நிமிடம் அவரைத் தாண்டிப் போய், லீவு கேட்கவே தயங்க வைத்தவன், மகள் சொன்னபோது பொங்கிய பால், எல்லார் மேலும் பாய்ந்தது. என் அம்மாவும் என் பட்டமளிப்பு விழாவுக்கு வரவில்லை. லீவு இல்லை.

“அம்மா, இதைக் கொஞ்சம் திறக்கலாமா?” என்றார் பாஸ் மெல்ல.

முன் பலகையைக் கழற்றினோம். உள்ளே கட்டைகள் வரிசையாக, ஒவ்வொன்றும் முழங்கை நீளத்துக்குப் பின்னால் ஓடின. வெளியே தெரிவது நுனி மட்டும்தான் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். பாஸ் அந்த ஒன்றை மட்டும் மெதுவாகத் தூக்கி உருவினார். மரத்தின் பக்கவாட்டில் பென்சிலில் பொடி எழுத்து:

‘சுத்தியல் முறிந்து பல வருடம். மாற்றியது.’ கீழே தேதி. ஒரு கையெழுத்து.

“ஏழாம் நாள்,” என்றேன்.

“கம்பியைத் தட்டற சுத்தியல். இப்படி எழுதி வைக்கிறது பியானோ சரி பண்றவங்க பழக்கம். அடுத்து வர்ற ஆளுக்கு ஒரு சீட்டு,” என்றார் பாஸ். “பேராசிரியர் வந்தது பதினாறாம் நாள். அப்ப இது பேசிட்டிருந்தது. இது ஊமையா இருந்ததே அவருக்குத் தெரியாது. வாங்கம்மா, போலாம்.”

“நான் எதுக்கு சார்? இந்தச் சேலையோடயா?”

“இந்தச் சேலையோடதான்,” என்றேன் நான். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

மேடைக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில் ஐந்து பேர். மணி ஐந்து இருபது. பேராசிரியர் கறுப்புக் கோட்டில் இருந்தார். வயலின்காரன் சுவரோரம் நின்றான். பாஸ் மேஜைமேல் கட்டையை வைத்து, மூன்றே நிமிடத்தில் எல்லாவற்றையும் சொன்னார்.

பேராசிரியர் சிரித்தார். “ஒரு மரத்துண்டு. அதுல யாரோ பென்சில்ல கிறுக்கினது. இதை எந்தக் கோர்ட் எடுத்துக்கும்?”

“எடுத்துக்காது,” என்றார் பாஸ். “அதனாலதான் கடைசித் தடவை ‘தப்பா விழுந்த’ நோட்டைப் பத்திக் கேக்கறேன். எழுதினவருக்கு அது தப்பா இருக்க முடியாது சார். அவளுக்கு இந்தப் பெரிய பியானோ கிடைக்கும்னு தெரியும். இருபத்து மூணு தடவை வீட்டுப் பியானோ. இருபத்து நாலாவது, மேடை. அந்த ஒரு நோட்டுக்காகத்தான் முன்னாடி இருக்கற அத்தனை பள்ளமும். நீங்க அதைப் பிழைன்னு அழிச்சீங்க.”

“ஊகம்.”

“தம்பி,” என்று பாஸ் சுவர்ப் பக்கம் திரும்பினார், “நோட்டீஸ் போட்டது நீங்கதான். பிசினை நல்லாத் துடைச்சிருக்கலாம். அந்தப் பொண்ணு உங்களுக்குன்னு எழுதிக் கொடுத்த வயலின் தாள் எங்க?”

வயலின்காரன் பெட்டியைத் திறந்தான். வெல்வெட் துணிக்கு அடியிலிருந்து நான்காக மடித்த தாள்களை எடுத்தான். கை எழுத்து. கடைசிப் பக்கத்தில் வயலின் நிற்கும் இடத்தில், அடுத்தவர் வாசிப்பைக் காட்டும் குட்டி எழுத்தில் பியானோவின் ஒரே ஒரு நோட்டு. பக்கத்தில் அவள் கையால்: ‘இது கேட்டப்புறம் வா. அவசரப்படாதே.’

“பதினோரு மாசமா இது உங்ககிட்டயே இருந்துதா?” என்றேன்.

“கல்லூரியில என் வேலை நிரந்தரமாகணும்னா சார்தான் கையெழுத்து...”

“போதும். நோட்டீசைக் கதவுக்குக் கீழ தள்ளற அளவுக்குத்தான் உன் காதல், இல்ல?”

அவன் அழுதான். நான் பார்க்கவில்லை. அழுகையைப் பார்த்தால் எனக்கு மனம் இளகிவிடும். அன்றைக்கு இளகுகிற உத்தேசம் எனக்கு இல்லை.

பேராசிரியர் உட்கார்ந்தார். இப்போது சிரிப்பு இல்லை. “அவ பேரைப் போட்டிருந்தா இந்த அரங்கத்துக்கு யார் வந்திருப்பா? சொல்லுங்க. அட்டைப்பெட்டியிலயே மக்கியிருக்கும். என் பேர்லதான் அது உயிரோட இருக்கு.”

நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். பாஸ் என் துப்பட்டா நுனியைப் பிடித்து நிறுத்தினார்.

அதுவரை கதவோரம் நின்ற அந்த அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“சார், எனக்குக் கேக்கத் தெரியாது. நீங்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரு. அவ எழுதினது நல்லா இருக்கா?”

பேராசிரியர் அவரைப் பார்த்தார். மேஜைமேல் கிடந்த கட்டையைப் பார்த்தார். தாடிக்குள் வாய் என்னவோ செய்தது.

“என்னால முடியாதும்மா,” என்றார். “நாப்பது வருஷமா எழுதறேன். இந்த மாதிரி ஒண்ணு என்னால முடியாது.”

அதுதான் வாக்குமூலம். இருபது வருட அனுபவம் உள்ள பாஸ் வாங்க முடியாததை, இஸ்திரி போடும் அம்மா ஒரே கேள்வியில் வாங்கிவிட்டார். வாங்கியதும் அவருக்கே தெரியவில்லை. “நல்லா இருக்குன்னு சொல்றாருல்ல?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

வயலின்காரன் தன் பென்சிலை மேஜைமேல் வைத்தான். பேராசிரியர் எடுத்து, தன் பிரதியின் கடைசிப் பக்கத்தில், எடுத்துவிட்ட நோட்டு இருந்த இடத்தில், ஒரு புள்ளி வைத்தார்.

ஆறு மணிக்கு வயலின்காரன் தனியாக மேடைக்கு வந்தான். “அச்சில் இருக்கும் பெயர் தவறு” என்றான். பிறகு அவள் பெயரைச் சொன்னான். முழுப் பெயர், அம்மா பெயரின் முதல் எழுத்தோடு. அரங்கத்தில் சலசலப்பு. பேராசிரியர் தலையைக் குனிந்தபடி வந்து, யாரையும் பார்க்காமல் பியானோ முன் உட்கார்ந்தார்.

நாங்கள் கடைசி வரிசை. நடுவில் அந்த அம்மா. மடியில் அந்தக் கட்டை. கையில் கொடுத்ததிலிருந்து அவர் கீழே வைக்கவே இல்லை. வீட்டில் பியானோ இப்போது பல் விழுந்த வாயோடு நிற்கும்.

முதல் வரி. ஐந்து அடி, பள்ளம், இரண்டு அடி. இரண்டாவது வரி. மூன்றாவதில் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. பள்ளம் வரும்போதெல்லாம் மடியில் இருந்த கட்டையைக் கட்டைவிரலால் அமுக்கினார். மேலே வயலின் கெஞ்சியது, கத்தியது, ஒரு இடத்தில் விளையாடியது. கீழே அதே வரி வந்துகொண்டே இருந்தது. அவர் வயலினைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பத்து. பதினைந்து. இருபது. ஒவ்வொரு தடவையும் மடியில் ஒரு அமுக்கு. சத்தம் இல்லை.

இருபத்து நான்காவது வரியில் வயலின் நின்றது. ஐந்து அடி மட்டும் தனியாக நடந்து வந்தது.

அவர் அமுக்கினார்.

டொம்.

இஸ்திரிப் பெட்டியில் சுட்டுக்கொண்டவர்போல வெடுக்கென்று கையை எடுத்தார். மடியைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். சத்தம் இன்னும் அடங்கவில்லை. வயலின்காரன் வில்லைத் தூக்கியபடி காத்திருந்தான். அவசரப்படவில்லை.

“இது எனக்குத் தெரியும்,” என்றார் அந்த அம்மா, என் கையைப் பிடித்துக்கொண்டு. “இது எங்க வீட்டுச் சத்தம். இதை மட்டும்தான் அவ கேக்கவே இல்லை.”

பாஸ் என் பக்கம் திரும்பினார். வழக்கமாக இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்வேன்.

நான் அந்த அம்மாவின் கையை விடவில்லை.